குமிழைத் தொடாத முப்பது நாள்

செகண்டம்மா விசில் ஊதாமல் காலனி வேன் ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை ஏறி மிதித்தாலும் நகராது என்று டிரைவரே சொல்வார்; அவ்வளவு பழக்கப்பட்ட வேன். காலை எட்டு பத்துக்கு விசில். எட்டு இருபத்தாறுக்கு ரயில் நிலையம். எட்டு முப்பத்தொன்றுக்கு ரயில். நடுவில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் பதினோரு பேர் இறங்கி, பாலம் ஏறி, பாலம் இறங்கி, மூச்சு வாங்கி, ஜன்னலோரத்துக்குச் சண்டையும் போட்டு முடிக்க வேண்டும். எட்டு பதினொன்று என்றொரு நேரம் அந்தக் காலனியின் நாளிலேயே கிடையாது.

செகண்டம்மா என்பது காலனி வைத்த பேர். பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். அவர் அனுப்பிய பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் நிலா வரைக்கும் போய், அங்கே திருப்பிக்கொண்டு, பாதி தூரம் வீட்டுக்கும் வந்துவிடலாம். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து, அனுப்புவதற்கு ஒன்றும் இல்லையே என்று வாசலில் நின்ற பூனையை இரண்டு தடவை விரட்டிப் பார்த்தார். பூனை நேரத்துக்குக் கட்டுப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் காலனி சங்கம் வேன் வாங்கியது. விசிலை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனவர் போனவர்தான். ஆறு வருஷமாக அந்த ஒற்றை விசிலுக்காகவே அவர் காலையில் எழுந்தார், தலை வாரினார், மருந்து சாப்பிட்டார்.

இடது கையில் ஆம்பளை வாட்ச் ஒன்று. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். கை அசைகிற அசைவில் தானே முறுக்கேற்றிக்கொள்கிற ஆட்டோமேட்டிக். சாஸர் அளவு இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு அவர் கையை நீட்டினால் வெயில் பட்டு எதிர் பிளாட்டில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

"இதுக்கு எப்பெப்ப டைம் சரி பண்ணுவீங்கக்கா?" என்று டிரைவர் ஒரு தடவை கேட்டார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை. இந்த வருஷம் அதுவும் மறந்துட்டேன்."

இது பொய். கலப்படமே இல்லாத சுத்தமான பொய். தினமும் காலை ஏழு மணிக்குச் செகண்டம்மா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். வாட்ச்சின் பக்கத்தில் முள்ளைத் திருப்புகிற குமிழை இழுக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவார். வீட்டுக்காரரின் போனைப் பார்த்து வாட்ச்சைத் திருத்துவார். தினமும் இருபது செகண்ட் பின்தங்கியிருக்கும், அதைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். அவருக்கென்று போன் கிடையாது. 'டைம் தெரியறதுக்குப் போன் வச்சுக்கறவங்க நடக்கத் தெரியாம ஊன்றுகோல் வச்சுக்கறவங்க' என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. இனி எப்படி வாங்குவது. தன் போனை எடுத்துக்கொண்டு மனைவி எதற்குக் குளியலறைக்குப் போகிறாள் என்று வீட்டுக்காரர் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். வீடு தீப்பிடித்தாலும், 'இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கம்' என்பார்.

அந்த வீட்டுக்காரர் தன் அண்ணனைப் பார்க்க ஒரு வாரம் வெளியூர் போனார். போனும் கூடவே போயிற்று. நாளைக்கு இருபது செகண்ட் வீதம் வாட்ச் சத்தமில்லாமல் பின்வாங்கியது. ஆறாம் நாள் விசில் இரண்டு நிமிஷம் தாமதமாக ஒலித்தது. பதினோரு பேரும் பாலத்தின் மேல் நின்று ரயிலின் முதுகைப் பார்த்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் செகண்டம்மாவின் சம்பந்தி, மகளுடைய மாமனார். சி பிளாக்கில் இருக்கிறார். பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிற வேலை. அன்று அவர் போய்ச் சேருவதற்குள், வெள்ளை என்று பேர் போட்ட நாலாயிரம் டப்பா முட்டை மஞ்சள் நிறத்தில் லாரி ஏறிவிட்டது. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்ட கேள்வியில், அவருக்கு மீதியிருந்த நாலு கறுப்பு முடியும் வெள்ளையாகிவிட்டது. நல்ல வெள்ளை, அதில் மஞ்சள் கலக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் சம்பந்தி எழுந்தார்.

"சம்பந்திம்மா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை டைம் வைக்கிற வாட்ச்சை நம்பி நான் ரயில் புடிக்க முடியாது. கேட்டுல ஒரு மணி மாட்டிடலாம். போன் நேரத்துக்குத் தானா அடிக்கும். விசில் வேணாம்."

பிளாஸ்டிக் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மீதிப் பத்துப் பேரும் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலும் இல்லை.

செகண்டம்மாவுக்கு நெஞ்சுக்குள் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷப் பெருமை வழியில் குறுக்கே படுத்துக்கொண்டது.

"வாட்ச் மேல தப்பில்ல. அன்னிக்கு என் கண்ணு மேல தப்பு. வேணும்னா சீல் வைங்க. முப்பது நாள் குமிழைத் தொட மாட்டேன். முப்பதாம் நாள் ஒரு நிமிஷத்துக்கு மேல முன்னப் பின்ன இருந்தா விசில் உங்ககிட்ட. நீங்க மணியே மாட்டிக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்தது.

சங்கச் செயலாளர் பல் டாக்டர். எதையும் பல்லாகவே பார்க்கிறவர். மறுநாள், திங்கட்கிழமை காலை, எல்லோர் முன்னாலும் போன் நேரத்துக்கு வாட்ச்சைச் சரியாக வைத்தார். பிறகு குமிழைச் சுற்றிப் பல்லடைக்கிற பசையை அப்பி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். பின்மூடியில் டேப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

"இதை நகத்தால எடுக்க முடியாதும்மா. மெஷின் வச்சுத்தான் எடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குக் கெட்டியா எதையும் கடிக்கச் சொல்லாதீங்க" என்றார். பிறகு, இது வாட்ச் என்று நினைவு வந்து, கையுறையைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் வாட்ச் ஒரு நிமிஷம் பின்னால் போயிருந்தது. கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. முப்பதாம் நாள் பத்து நிமிஷம். விசிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம்.

செகண்டம்மா கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஒரு வாட்ச் ரிப்பேர்காரி. முப்பது வயசு இருக்கலாம். ஒரு கண்ணில் லென்ஸ், இன்னொரு கண்ணில் சலிப்பு. வார்த்தைகளைச் சின்ன ஸ்க்ரூ மாதிரி ஒவ்வொன்றாகத்தான் எடுப்பாள்.

"பின்னாடி தொறந்தா ரெண்டு நிமிஷ வேலை."

"தொறக்கக் கூடாது. கையெழுத்து இருக்கு."

"அப்ப கை மாத்துங்க."

"என்னது?"

அவள் வாட்ச்சைக் குறுக்கே நிறுத்திக் காட்டினாள். "இடது கைல கட்டித் தொங்கவிட்டா குமிழ் கீழ பார்க்கும். வலது கைல மேல பார்க்கும். ரெண்டுக்கும் ஓட்டம் வேற. உங்களது இடதுல பின்னாடி போகுது. வலதுல முன்னாடி போகும். பார்த்துப் பார்த்து மாத்துங்க. அசைவு நிக்கக் கூடாது. நின்னா வாட்ச்சும் நின்னுடும்."

அவ்வளவுதான். லென்ஸ் மறுபடி குனிந்துகொண்டது.

அன்றிலிருந்து செகண்டம்மாவின் வாழ்க்கை இரண்டு கைகளுக்கு நடுவே ஓடியது. காலையில் இடது, மதியத்துக்கு மேல் வலது. ஒரு பழைய டைரியில், நாளைக்கு நாலு வேளை, இத்தனை செகண்ட் முன், இத்தனை செகண்ட் பின் என்று எழுதினார். வாட்ச்சுக்கு முறுக்குக் குறையக் கூடாதே என்று டி.வி. பார்க்கும்போது கை வீசினார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு நொடி தடுமாறியிருக்கக்கூடும். படிக்கட்டில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நாலு பிளாட்டுக்கு ஒட்டடை அடித்துக் கொடுத்தார். காலனியில் சிலந்திகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின.

"என்னம்மா, ரெண்டு சுத்து இளைச்சுட்டே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஏங்க, உங்க போனைக் காட்டுங்க."

"எட்டு நாப்பத்திரண்டு. எதுக்கு?"

"செகண்டு சொல்லுங்க."

அவர் செகண்டும் சொன்னார். எதற்கு என்று மறுபடி கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் முடிவில் டைரியில் எழுதியிருந்தது: மூன்று செகண்ட் பின். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பக்கத்தைச் செகண்டம்மா மூன்று தடவை படித்தார். ஒரு தடவை கண்ணாடி இல்லாமலே படித்தார். சொன்ன பொய்யை அப்படியே மெய்யாக்கிக் காட்டப்போகிற முதல் மனுஷி தான்தான் என்று அவருக்குத் தோன்றியது.

இருபத்து மூன்றாம் நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரே பயந்து நடுங்கியது. மூன்று நாள் அவர் எழுந்திருக்கவில்லை. கேட்டில் டிரைவர் தன் போனைப் பார்த்து ஹாரன் அடித்து வேனை எடுத்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் படுக்கையில் செகண்டம்மாவின் உதடு விசில் ஊதுகிற மாதிரி குவிந்தது.

படுப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்திருந்தார். "நீங்க கட்டிக்குங்க. காலைல இடது, மதியம் வலது. கை ஆடிட்டே இருக்கணும். நிறுத்திடாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. இருபது வருஷமாக ஈசிசேரின் ஒரு பாகமாக இருந்த மனிதர் எழுந்தார். தரையைத் துடைத்தார். ஜன்னல் கண்ணாடியை, அதற்கு அந்தப் பக்கம் இருந்த வானம் தேயும் வரை துடைத்தார். ஜுரத்தில் கண் திறந்து பார்த்த செகண்டம்மாவுக்கு, யாரோ வேலையாள் வந்திருக்கிறார் போல என்று தோன்றியது. தூங்கப் போகும்போதும் குளிக்கப் போகும்போதும் அவர் வாட்ச்சை மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தார். வீட்டில் யாரும் தொடாத, தூசி தட்டாத, அசையாத ஒரே இடம். பழைய ரேடியோவின் பெரிய ஸ்பீக்கர் மேலே.

இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை, செகண்டம்மா எழுந்து உட்கார்ந்து வாட்ச்சையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலு நிமிஷம் பத்து செகண்ட் முன்னால்.

மறுபடி பார்த்தார். நாலு நிமிஷம் பதினொன்று.

"ஏங்க. ராத்திரி இதை எங்க வச்சீங்க?"

"ஸ்பீக்கர் மேல. பத்திரமா." அவர் முகத்தில் மூன்று நாள் உழைத்த களைப்பும், பாராட்டு வரும் என்கிற எதிர்பார்ப்பும் இருந்தன. ஸ்பீக்கருக்குள் முழங்கை அளவு காந்தம் இருக்கிறது என்று இந்த மனிதருக்கு இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

"நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்றார் செகண்டம்மா.

ரிப்பேர்காரி வாட்ச்சைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முள் கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றியது. "காந்தம் ஏறியிருக்கு. அதான் வேகமா ஓடியிருக்கு." ஒரு சின்னப் பெட்டியின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தி எடுத்தாள். முள் அடங்கியது. "இனிமே பழைய ஓட்டம்தான். போன நாலு நிமிஷம் திரும்ப வராது."

"நாலு நாள்ல நாலு நிமிஷம் பின்னாடி இழுக்க முடியுமா? இடது கைலயே கட்டினா?"

"நாளைக்கு இருபது செகண்டு. நீங்களே போட்டுக்குங்க கணக்கு."

செகண்டம்மா கணக்கை அங்கே போடவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் போட்டார். பாதி வழியில் கால் நின்றது. எதிரே ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்கு ஆளில்லை, இறங்குவதற்கும் ஆளில்லை. ஆனாலும் என்ஜினை அணைத்துவிட்டு நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முன்கூட்டி ஓடி வந்துவிட்ட பஸ். அதற்குரிய நேரம் வருகிற வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் இதையே அவர் எத்தனை ஆயிரம் டிரைவர்களுக்குச் சொல்லியிருப்பார். 'ஸ்பீடா வந்துட்டியா? நில்லு. உன் டைம் வர்ற வரைக்கும் நில்லு. அப்புறம் எடு.'

அவர் தெருவில் தனியாகச் சிரித்தார். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து வாட்ச்சைக் கழற்றித் தலையணை மேல் கிடத்தினார். அசைவில்லாமல் கிடந்தால் நாற்பது மணி நேரத்தில் முறுக்கு இறங்கி நின்றுபோகும். நின்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதே மணி, அதே நிமிஷம், அதே செகண்ட் பகலில் மறுபடி வரும். அந்தச் செகண்டில் வாட்ச்சை உலுக்க வேண்டியது. குமிழைத் தொட வேண்டாம். சீல் அப்படியே இருக்கும். ஓட்டம் மட்டும் நேரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

"ஏங்க, அந்த ரூமுக்குள்ள யாரும் போகக் கூடாது. மெத்தைல உக்காரக் கூடாது. தும்மக் கூடாது."

"சரி" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் சனிக்கிழமை அவர் பால்கனியில் போனோடு உட்கார்ந்து, எட்டு பத்துக்குத் துண்டை ஆட்டினார். கீழே கேட்டில் செகண்டம்மா வெறும் கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு விசில் ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது வாட்ச் நின்றிருந்தது. மூன்று மணி, நாற்பத்தாறு நிமிஷம், பதினேழு செகண்ட்.

அன்று மதியம் மூன்றரை மணிக்கே அவர் அறையில் தயாராக நின்றார். காய்ச்சல் விட்ட உடம்பு இன்னும் தள்ளாடியது. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். வாட்ச் வலது உள்ளங்கையில். எதிரே வீட்டுக்காரர் போனோடு.

"மூணு நாப்பத்தஞ்சு... மூணு நாப்பத்தாறு..."

கதவு தட்டும் சத்தம். இருவரும் அசையவில்லை.

"சம்பந்திம்மா?" சம்பந்தியின் குரல். "இருக்கீங்களா?"

"...பத்து, பதினொண்ணு, பன்னண்டு..."

கதவு திறக்காததால் சம்பந்தி வராந்தா ஜன்னல் பக்கம் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரிந்தது. வீட்டுக்காரர் "பதினாறு" என்றார். செகண்டம்மா கையை உலுக்கினார். அது சாதாரண உலுக்கல் இல்லை. அந்த உலுக்கலில் கீழ்வீட்டு விளக்கு ஆடியது என்று பிறகு சொன்னார்கள். செகண்ட் முள் ஒரு துள்ளு துள்ளி, பதினேழிலிருந்து நடக்க ஆரம்பித்தது.

"ஐயையோ, வலிப்பா?" என்றார் சம்பந்தி ஜன்னலிலிருந்து.

"உடற்பயிற்சி" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யோசிக்காமல் சொன்ன முதல் பொய் அது. செகண்டம்மா அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

கதவைத் திறந்தார்கள். சம்பந்தி ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார்.

"காய்ச்சல்னு மருமக சொன்னா. எழுந்து இப்படிக் குதிக்கலாமா? உக்காருங்க முதல்ல." அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்லணும். செவ்வாக்கிழமை எப்படி ஆனாலும் சரி. நான் வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சம்பந்திம்மா காய்ச்சல்லகூடக் குறுக்கு வழில போகல, சீல் அப்படியே இருக்குன்னு. வாட்ச்சு தோத்தாலும் நீங்க தோக்கல. புரியுதா? பழத்தைச் சாப்பிடுங்க."

அவர் போன பிறகு செகண்டம்மா ஓர் ஆரஞ்சை உரித்தார். ஒரு சுளையை வாயில் போட்டார். இனிப்பான பழம்தான். மீதிச் சுளைகளைத் தோலுக்குள்ளேயே மூடி வைத்தார்.

"போட்டியில ஜெயிச்சுட்டல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்க அறை நிரம்பியது. வேனில் போகிற பதினோரு பேர், டிரைவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு முப்பது பேர். செகண்டம்மா விசிலையும் வாட்ச்சையும் மேஜை மேல் வைத்தார். பல் டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீலைப் பார்த்தார். பின்மூடியைப் பார்த்தார். போனையும் வாட்ச்சையும் சேர்த்துப் பிடித்தார்.

"சீல்ல சொத்தை இல்ல. வித்தியாசம்..." இன்னும் குனிந்தார். "ஆறு செகண்டு. முப்பது நாளைக்கு ஆறே செகண்டு."

அறை கைதட்டியது. முதலில் தட்டியவர் சம்பந்திதான். தட்டிக்கொண்டே எழுந்து, "நான் சொன்னது தப்பு. மணி வேணாம்" என்றார்.

விசில் மேஜையில் கிடந்தது. எடுத்துக் கழுத்தில் மாட்டினால் முடிந்தது. செகண்டம்மாவின் கை அதுவரை போய் நின்றது.

"உக்காருங்க சம்பந்தி. கை தட்டாதீங்க."

கைதட்டல் தயங்கித் தயங்கி நின்றது.

"வாட்ச்சு நாலு நிமிஷம் முன்னாடி ஓடிப்போச்சு. நான் அதை நிக்க விட்டேன். நின்ன டைம் மறுபடி வந்தப்ப உலுக்கி எடுத்தேன். நீங்க ஜன்னல்ல பார்த்தது உடற்பயிற்சி இல்ல. குமிழைத் தொடல. ஆனா டைம் வச்சேன். டெப்போவுல நின்னுபோன பஸ்ஸை ஓடின பஸ்ஸுன்னு நான் எழுதினது கிடையாது. நான் தோத்தாச்சு."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னேன் பாருங்க. அது பொய். தினமும் சரி பண்ணுவேன். காலைல ஏழு மணிக்கு, குளியலறையில, குழாயைத் தொறந்துவிட்டுட்டு. ஆறு வருஷமா ஒரு நாள் விடாம. இவர் போனை எடுத்துட்டு ஊருக்குப் போன அந்த வாரம் மட்டும்தான் விட்டுப்போச்சு. அந்த வாரம்தான் உங்க ரயிலும் போச்சு."

"அதுக்குத்தான் போனா?" என்றார் வீட்டுக்காரர், நிஜமான ஆச்சரியத்தோடு. "நீ யாரோ ஃப்ரெண்டுகிட்டப் பேசறதா நெனச்சேன்."

அறை சிரித்தது. செகண்டம்மா சிரிக்கவில்லை. விசிலை மேஜையில் சம்பந்தியின் பக்கமாக ஒரு சாண் தள்ளினார். தள்ளிய கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"தோத்ததுக்கு விசில் உங்களோடது. ஆனா நான் கேட்டு வாங்க வந்திருக்கேன். பந்தயத்துல இல்ல. தினமும் ஏழு மணிக்கு, கேட்டுல, எல்லார் கண்ணு முன்னாடி டைம் வைக்கிறேன். ஒரு நாள் விட்டேன்னா அன்னிக்கே எடுத்துக்குங்க. வாட்ச்சை நம்பச் சொல்லல. நான் சரி பண்ணுவேன்கிறதை நம்புங்க."

சம்பந்தி விசிலைப் பார்த்தார். பிறகு செகண்டம்மாவைப் பார்த்தார். அவர் நிறம் சரிபார்க்கிறவர். ஒரு முகம் எந்த அளவுக்கு வெளுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"நான் தெனமும் காலைல ஆபீசுக்குப் போனதும் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு வெள்ளை அட்டை இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் என் கண்ணையே நம்புவேன். முப்பது வருஷமா. தெனமும் சரி பண்றேன்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மணிப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் தொடுவேன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு நம்பிக்கை போச்சு."

"அக்கா ஊதட்டும்" என்றார் டிரைவர். "ஹாரன் அடிச்சா யாரும் ஓடி வர மாட்டேங்கறாங்க."

பல் டாக்டர் கை தூக்கச் சொன்னார். பதினோரு பேரில் ஒன்பது பேர் தூக்கினார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். சம்பந்தி தூக்கவில்லை, விரலை மட்டும் நிமிர்த்தினார்.

"எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு. ஏழு மணிக்கு டைம் வைக்கும்போது சாட்சிக்கு ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும். நானே நிக்கிறேன்."

"சம்மதம்" என்றார் செகண்டம்மா, அவர் வாய் மூடுவதற்குள்.

சம்பந்தியின் மருமகள், அதாவது செகண்டம்மாவின் மகள், பின்வரிசையிலிருந்து மெல்லக் கேட்டாள்: "மாமா, நீங்க எழுந்திருக்கறதே ஏழரைக்குத்தானே?"

சம்பந்தி விரலை மடக்கப் பார்த்தார். பல் டாக்டர் ஏற்கெனவே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அவர் ஒன்றை எழுதினால் வேர் பிடித்துவிடும்.

மறுநாள் காலை கேட்டில் செகண்டம்மா வீட்டுக்காரரின் போனை இடது கையிலும் வாட்ச்சை வலது கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். சரியாக ஏழு மணிக்கு, பல் டாக்டர் ராத்திரியே மெஷின் வைத்துப் பசையை எடுத்துவிட்டிருந்த குமிழை இழுத்தார், முள்ளை வைத்தார், அழுத்தினார். குழாய்ச் சத்தம் எதுவும் இல்லாததால் அந்தச் சின்ன 'க்ளிக்' அவருக்கே பெரிதாகக் கேட்டது. பால்காரரும் குப்பை வண்டிக்காரரும் பார்த்தார்கள்.

ஏழு நாலுக்குச் சம்பந்தி சி பிளாக்கிலிருந்து ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் ஷூ. கையில் பல் துலக்குகிற பிரஷ்.

"வச்சாச்சா?"

"ஏழு மணிக்கே வச்சாச்சு."

"நான் வரல்லியே. சாட்சி இல்லாம எப்படி?"

செகண்டம்மா வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார்.

"நாலு நிமிஷம் இருபது செகண்டு பின்னாடி இருக்கீங்க சம்பந்தி. நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்."